காய்ச்சல்காரர்களுக்கு முதல் பஸ்

கந்தர்வக்கோட்டை நிறுத்தத்தில் நின்று மூன்று முறை விசில் ஊதினேன். ஒருவரும் ஓடி வரவில்லை.

ஒரு கண்டக்டருக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. புதுக்கோட்டைக்குப் போகும் காலை ஆறு மணி வண்டி. மற்ற நாட்களில் நான் விசிலை வாயில் வைப்பதற்கு முன்பே படிக்கட்டில் நாலு பேர் தொங்குவார்கள். அன்று மொத்தமே ஏழு பேர். ஏழு பேரும் ஏழு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பக்கத்தில் ஒருவர் இல்லாமல், முகத்தை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

டிரைவர் அடைக்கலம் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"என்னப்பா இது, எழவு வீட்டுக்குப் போற வண்டி மாதிரி இருக்கு."

"எழவு வீட்டுக்குப் போற வண்டியில கூட்டம் இருக்கும்ணே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கியரைப் போட்டார்.

ஐம்பதுகளின் பின்பாதி அது. சீமையிலிருந்தோ சீனாவிலிருந்தோ கப்பலேறி மதராஸில் இறங்கிய ஒரு காய்ச்சல், ரயிலில் திருச்சிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து எங்கள் பக்கம் வந்து சேர்ந்த நேரம். பத்திரிகைகள் 'இன்ஃப்ளூயன்ஸா' என்று எழுதின. எங்கள் ஊரில் 'புளூக் காய்ச்ச' என்றார்கள். எங்கும் ஆனி மாதத்துப் புழுதிக் காற்று. கூடவே நீலகிரித் தைலத்தின் வாசனை.

உள்ளே போ, உள்ளே போ

நான் கூட்டத்தைத் திணித்த வித்தையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, திருச்சியிலிருந்து ஒரு வாசகி, "இதில் என்ன பெருமை?" என்று கேட்டிருக்கிறார். பெருமைதான் அம்மா. மறைக்க மாட்டேன்.

முப்பத்தைந்து பேர் உட்காரும் வண்டியில் அறுபது பேரை ஏற்றி, அவர்களுக்கு நடுவில் தலைகீழாகக் கட்டிய கோழிகளையும் பலாப்பழத்தையும் வைத்து, அத்தனைக்கும் ஊடாக நான் முன்னும் பின்னும் நீந்தி வருவேன். ஒருவர் சட்டையும் கசங்காது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவரையும் விட்டுவிட்டு வந்ததில்லை. "ஒன் வண்டிக்கு ரப்பர்ல பாடி கட்டியிருக்காங்களாடா?" என்று மற்ற கம்பெனிக் கண்டக்டர்கள் கேட்பார்கள்.

அடைக்கலம் அண்ணன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் பஸ் ஓடியதே, அந்தக் கரி வண்டியை ஓட்டியவர். மேடு வந்தால் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிடுமாம். ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். மிராசுதாரும் தள்ளுவார், அவர் வயலில் வேலை செய்பவரும் தள்ளுவார். மேடு ஏறியதும் இருவரும் ஒரே துண்டில் முகம் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன் என்று அண்ணன் சொல்வார். துண்டு விஷயத்தை நான் முழுதாக நம்பியதில்லை. ஆனால் பஸ் என்றால் இடித்துக்கொண்டு உட்காருவது, முன்பின் தெரியாதவன் தோளில் தூங்குவது என்று நாங்கள் எல்லாரும் பழகியிருந்தோம்.

அதற்கு முன் எங்கள் பக்கம் காலரா பார்க்காததல்ல. புதுக்கோட்டைச் சமஸ்தான காலத்தில் ஒரு ஊரில் பேதி கண்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டுவிடுவார்கள். அந்த ஊருக்கு யாரும் போகமாட்டார்கள், அங்கிருந்து யாரும் வரமாட்டார்கள். ஆனால் காலரா குளத்துத் தண்ணீரில் வந்தது. இந்தக் காய்ச்சல் டிக்கெட் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தது. அப்படித்தான் ஜனங்கள் நினைத்தார்கள். அதில் தப்பும் இல்லை.

எச்சில் விரல்

முதலில் மாறியது என் விரல்.

டிக்கெட் கட்டில் ஒன்றைப் பிரிக்க வேண்டுமானால் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். ஒருநாள் பெருங்களூரில் ஏறிய வாத்தியாரம்மா நான் நீட்டிய டிக்கெட்டை வாங்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"எச்சி தொடாம ஒண்ணு கிழிச்சுக் குடுங்க" என்றார்.

வண்டியே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. மறுநாளிலிருந்து ஒரு கொட்டாங்கச்சியில் ஈரத்துணி வைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. கம்பியைக் கைக்குட்டையால் சுற்றிப் பிடித்தார்கள். சிலர் பனை விசிறியை நீட்டி அதன்மேல் டிக்கெட்டை வைக்கச் சொன்னார்கள். வேப்பிலைக் கொத்தை முகர்ந்துகொண்டே வந்தவர்களும் உண்டு. மழைக்கு இறக்கும் கான்வாஸ் படுதாவை எப்போதும் சுருட்டிக் கட்டியே வைக்கச் சொன்னார்கள். புழுதி அடித்தாலும் பரவாயில்லையாம், காற்று வர வேண்டுமாம்.

இருமல் வந்தவர்கள் பாடுதான் பாவம். கண்ணில் நீர் வரும்வரை அடக்குவார்கள். அடக்க முடியாமல் ஒருவர் இருமிவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் நாலு பேர் இறங்கி, போக வேண்டிய இடம் இன்னும் மூன்று மைல் இருந்தாலும், நடக்கத் தொடங்குவார்கள்.

பெருங்களூர் பக்கத்திலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் கும்பலாக நடந்தே போனார்கள். வீட்டுப் பெண்களைத் தனியே பஸ்ஸில்கூட அனுப்பாதவர்கள், நாலு பெண்களைச் சேர்த்து நடக்க அனுப்பினார்கள். புதுக்கோட்டையில் வாடகை சைக்கிள் கடைகளில் காலை ஏழு மணிக்கு மேல் ஒரு சைக்கிள் மிஞ்சவில்லை. ஆறு பேரை முட்டியோடு முட்டி இடித்து ஏற்றும் குதிரை வண்டியில் ஒருவர் மட்டும் ராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்து போனார். ரயில் நிலையத்திலிருந்து கீழ ராஜ வீதிவரை மூட்டையைத் தலையில் வைத்து நடந்துவரும் பெரிய மனிதர்களை நான் முதன்முதலாகப் பார்த்ததும் அப்போதுதான்.

புளியமரத்து நிறுத்தம்

ஏழு பேரோடு கிளம்பிய அந்தக் காலைக்கு வருகிறேன்.

ஆதனக்கோட்டைக்கு முன்னால், முந்திரித் தோப்பு ஓரமாக, பெயரே இல்லாத ஒரு நிறுத்தம் உண்டு. ஒற்றைப் புளியமரம் நிற்பதால் நாங்கள் அதைப் புளியமரம் என்போம். அங்கே ஒரு பெண் கையைக் காட்டினாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள் தோளில் ஒரு இளம்பெண் சாய்ந்திருந்தாள். அந்த வெயில் ஏறாத நேரத்திலும் இளம்பெண்ணின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. உடம்பு போர்வைக்குள் நடுங்கியது தெரிந்தது.

"தம்பி, பெரியாஸ்பத்திரிக்குப் போவணும். மருமவளுக்கு மூணு நாளா காய்ச்ச. மூச்சு வாங்குது."

நான் படிக்கட்டைவிட்டு இறங்கி இடம் விட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கண்டக்டர், ஏத்தாதீங்க."

வக்கீல் குமாஸ்தா ஒருவர். தினமும் எங்கள் வண்டியில் வருபவர். எட்டு மணிக்குள் புதுக்கோட்டையில் வக்கீல் வீட்டில் இருக்க வேண்டும். கெட்ட மனிதர் இல்லை, பல நாள் எனக்கு வெற்றிலை கொடுத்தவர்தான்.

"ஏத்துனீங்கன்னா நாங்க அத்தனை பேரும் எறங்கிருவோம். எங்க வீட்லயும் புள்ள குட்டி இருக்கு."

மற்ற ஆறு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அடைக்கலம் அண்ணனைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது பேரை ஏற்றத் தெரிந்த எனக்கு அன்று இரண்டு பேரை ஏற்றத் தெரியவில்லை.

"அடுத்த வண்டியில வாங்க ஆத்தா" என்றேன். விசில் ஊதினேன்.

அடுத்த வண்டி எட்டு மணிக்கு. அதிலும் ஏற்ற மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

"எடமாய்யா இல்ல?"

திரும்பி வரும்போது புளியமரத்தடியில் யாரும் இல்லை. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார். எட்டு மணி வண்டி நிற்காமலே போய்விட்டதாம். மாட்டு வண்டிக்காரர்களும் பயந்து மறுத்துவிட்டார்களாம். மாமியார்க்காரி மருமகளை முதுகில் சுமந்துகொண்டு ஊருக்குள் திரும்பிப் போனாளாம்.

கந்தர்வக்கோட்டையில் மத்தியானம் எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு. வழக்கமாகச் சாப்பிட்டுவிட்டு வண்டிக்குள்ளேயே கண்ணயர்வேன். அன்று ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அந்த வெயிலில் மிதித்தேன்.

வீடு கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் ராக்கம்மா. மருமகள் செல்லம். மகன் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை. கல்யாணமாகி நாலாம் மாதம் கப்பல் ஏறியவன்.

ராக்கம்மா அடுப்பில் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"நீதானே விசில் ஊதுனவன்?"

"ஆமா ஆத்தா. தப்புப் பண்ணிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"மலேயாவுல இருக்குற மவனுக்கு நான் என்னன்னு கடுதாசி போடுறது? பஸ்ஸுல எடமில்லைன்னு எழுதவா? வண்டி பூரா எடம் கெடந்துச்சு. எடமாய்யா இல்ல?"

உள்ளே செல்லத்தின் மூச்சு, கிழிந்த துணியை இழுப்பது போலக் கேட்டது.

"ஒன் மன்னிப்ப வெச்சு நான் என்ன பண்றது? எனக்கு ஒரு வண்டி வேணும். அது இருக்கா ஒன்கிட்ட?"

"இருக்கு" என்றேன். "நாளைக்குக் காலையில ஆறே காலுக்குப் புளியமரத்துல நிக்கிறோம். ஒங்க ரெண்டு பேரையும் ஏத்தாம வண்டி நகராது."

சொல்லிவிட்டேனே தவிர, அந்த வண்டி என்னுடையதா? டிரைவரிடம் கேட்கவில்லை. முதலாளியிடம் கேட்கவில்லை. ஆனாலும் திரும்பி மிதிக்கும்போது, காலையில் இல்லாத தெம்பு காலில் இருந்தது. வாயிலிருந்து வந்த வார்த்தையை நிறைவேற்றியாக வேண்டும். நிறைவேற்ற முடியும் என்றும் தோன்றியது.

ஊதியது நான், ஓட்டியது அவர்

அடைக்கலம் அண்ணன் டீக்கடை பெஞ்சில் இருந்தார். நான் என் யோசனையைச் சொன்னேன். ஆறு மணி வண்டி இனிமேல் காய்ச்சல்காரர்களுக்கும் அவர்களோடு வருபவர்களுக்கும் மட்டும். நேரே ஆஸ்பத்திரி வாசல். பிறகு ஷெட்டில் வைத்து வண்டியை ஃபினாயில் போட்டுக் கழுவுவது. அதற்கப்புறம்தான் மற்ற டிரிப்புகள்.

அவருக்கு நாலு பெண்களுக்குப் பிறகு ஒரு ஆண் குழந்தை பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"வீட்ல பச்சப்புள்ள இருக்குப்பா."

"தெரியும்ணே. நீங்க வேணாம்னா நான் கேக்க மாட்டேன். வேற டிரைவரப் பாத்துக்கிறேன்."

"வேற எவன் வருவான்?" டீயை ஒரு மிடறு குடித்தார். "அந்தப் பொண்ணு மொகத்தக் கண்ணாடியில பாத்துட்டேன். பாக்கலைன்னு நெனச்சியா? விசில் ஊதுனது நீ. ஓட்டுனது நானு."

அது சம்மதம் என்று எனக்குத் தெரியும்.

மாலை நாலு மணிக்குப் புதுக்கோட்டை ஷெட்டுக்குப் போனோம். எங்கள் முதலாளி திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அதிர்ந்து பேசமாட்டார். அவர் முந்திக்கொண்டார்.

"வாப்பா. காலையில ஒரு காய்ச்சக்காரிய ஏத்தாம விட்டியாமே. வக்கீல் குமாஸ்தா வந்து ஒன்னய ரொம்பப் பாராட்டிட்டுப் போனாரு."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டு வலித்த மாதிரி எதுவும் வலித்ததில்லை.

என் யோசனையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"காய்ச்ச வண்டின்னு ஒரு பேரு வந்துச்சுன்னா, காய்ச்ச போன பொறவும் அந்தப் பேரு போகாதுப்பா."

"மொதலாளி, இப்பவும் காய்ச்சக்காரங்க நம்ம வண்டியில ஏறத்தான் செய்யிறாங்க. இருமல முழுங்கிக்கிட்டு ஏறுறாங்க. யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லைன்னு தெரியாமத்தான் மத்தவங்க பயந்து நடந்து போறாங்க. அவங்களுக்குன்னு ஒரு வண்டி விட்டுட்டோம்னா, மத்த வண்டியில பயம் இல்லாம ஏறுவாங்க."

"ஏறலைன்னா?"

"இப்ப மட்டும் ஏறுறாங்களா?"

அவர் அடைக்கலம் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"ஃபினாயில் நல்லதா வாங்கிக் குடுங்க மொதலாளி" என்றார் அண்ணன்.

முதலாளி ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்.

அன்று மாலை திரும்பும்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிக் கத்திச் சொன்னேன். நாளையிலிருந்து முதல் வண்டி ஆஸ்பத்திரிக்கு. உடம்புக்கு முடியாதவர்கள் அதில் வாருங்கள். மற்றவர்கள் எட்டு மணிக்கு வாருங்கள். சிலர் சிரித்தார்கள். வக்கீல் குமாஸ்தா சிரிக்கவில்லை. "அப்ப நான் எப்படிப் போறது?" என்றார். அந்த வாரமே டவுனில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை ஊருக்கு வந்து திங்கட்கிழமை போவார். காய்ச்சல் போன பிறகும் அவர் அந்த வழக்கத்தை விடவில்லை. அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் ரூம் எடுத்தார்கள். அதுவரை எங்கள் பக்கத்தில் உத்தியோகம் என்றால் தினம் போய்த் தினம் வருவதுதான்.

ஃபினாயில் வாசனை

மறுநாள் ஆறே காலுக்குப் புளியமரத்தில் நின்றோம். ராக்கம்மா செல்லத்தைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, இரண்டு பங்காளிகளைக் கட்டிலைத் தூக்க வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பின்சீட்டு முழுவதும் செல்லத்துக்கு. நான் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டியிருந்தேன். ராக்கம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

ஆதனக்கோட்டையில் ஐந்து பேர் ஏறினார்கள். பெருங்களூரில் ஏழு பேர். ஒரு அப்பா இரண்டு பிள்ளைகளை இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு வந்தார். வண்டிக்குள் ஒருவரும் இருமலை அடக்கவில்லை. நன்றாக, வாய்விட்டு இருமினார்கள். கூச்சமில்லாமல் இருமுவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவர்கள் முகத்தில் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குள் செல்லத்தைத் தூக்கிக்கொண்டுபோக நானும் ஒரு கை கொடுத்தேன். அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே, "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம்" என்றார். ராக்கம்மா டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

ஷெட்டில் நானும் அண்ணனும் சீட்டு சீட்டாகக் கழுவினோம். ஃபினாயில் வாசனை எங்கள் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டது. ஜனங்களுக்கு அந்த வாசனைதான் தைரியம் கொடுத்தது. வண்டியில் ஏறியதும் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார்கள், வாசனை வந்தால்தான் உட்காருவார்கள். ஒரு வாரத்தில் மற்ற டிரிப்புகளில் முக்கால் வண்டி ஆள் வந்தார்கள். முதலாளி அந்த 'ஒரு வாரம்' பற்றி மறுபடி பேசவேயில்லை.

அடைக்கலம் அண்ணன் அத்தனை நாளும் வீட்டுக்குப் போகவில்லை. வண்டியிலேயே படுத்தார். தினமும் மாலையில் குளித்துவிட்டு அவர் வீட்டுத் தெருமுனையில் போய் நிற்பார். அண்ணி குழந்தையை வாசலில் தூக்கிக் காட்டும். ஒருநாள் நானும் கூடப் போனேன். குழந்தை அப்பாவைப் பார்க்காமல் ஒரு காக்காயைப் பார்த்துச் சிரித்தது. "வளந்துட்டான்ல" என்றார் அண்ணன். ஒரு மாதத்துக்கும் மேலாக அப்படியே.

எனக்கும் காய்ச்சல் வந்தது. என் வண்டியிலேயே, டிக்கெட் வாங்கிக்கொண்டு, பின்சீட்டில் படுத்து ஆஸ்பத்திரி போனேன். மாற்றுக் கண்டக்டர் விசிலைச் சரியாக ஊதவில்லை என்று ஜுர வேகத்தில் திட்டிக்கொண்டே போனதாக அண்ணன் பல வருஷம் சொல்லிச் சிரித்தார்.

அந்த முதல் வண்டியில் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள் என்று எழுத ஆசைதான். வராதவர்களும் உண்டு. பிள்ளைகளை இரண்டு தோளிலும் சுமந்து வந்தாரே, அந்த அப்பா ஒரு பிள்ளையோடுதான் திரும்பினார்.

இரண்டையும் சொல்வேன்

ஐப்பசி மழை வந்தபோது காய்ச்சல் அடியோடு போயிருந்தது. கூட்டம் திரும்பியது. ஆனால் ஜனங்கள் பழையபடி திரும்பவில்லை. டவுன் ஸ்டாண்டில் வரிசை என்ற ஒன்று வந்திருந்தது, கோணல்மாணலாக. நடந்து பழகிய பெருங்களூர்ப் பெண்கள் பலர் காலையில் நடந்தே போனார்கள். நானும் அதற்குப் பிறகு டிக்கெட்டை எச்சில் தொட்டுக் கிழித்ததில்லை. அறுபது பேரை ஏற்றுவதை மட்டும் விடவில்லை. அந்த வித்தை அவ்வளவு சீக்கிரம் கையைவிட்டுப் போகாது.

முதலாளி பயந்தது போலவே பெயர் நிலைத்தது. ஆறு மணி வண்டியை ஆஸ்பத்திரி பஸ் என்றே சொன்னார்கள். பிரசவத்துக்குப் போகிறவர்கள், கண்ணுக்குக் கட்டுப் போட்டவர்கள், கால் ஒடிந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பிடித்தார்கள். மற்றவர்களும் ஏறினார்கள். பின்சீட்டை மட்டும் யாரும் சொல்லாமலே காலியாக விட்டார்கள்.

அடுத்த வருஷம் முந்திரி பழுக்கும் சமயம், புளியமரத்தில் ராக்கம்மா கைகாட்டினாள். கூடையோடு ஏறினாள். செல்லத்தை விசாரித்தேன்.

"நல்லாருக்கா. மவன் வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டான். கப்பல்ல போறாங்க."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊர்ல எல்லாருகிட்டயும் ஒன்னயப் பத்திச் சொல்லுவேன் தம்பி. மொத நாளு எங்கள விட்டுட்டுப் போனதையும் சொல்லுவேன். மறுநா வந்து நின்னதையும் சொல்லுவேன். ஒண்ண விட்டுட்டு ஒண்ணச் சொல்லமாட்டேன்."

"அப்படியே சொல்லுங்க ஆத்தா" என்றேன்.

படிக்கட்டில் இன்னும் நாலு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போகச் சொல்லிவிட்டு விசில் ஊதினேன்.